வாக்மேன் பாடவில்லையா, கேசட் சிக்குகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

பினாங்குத் தீவின் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையைக் காலை வேளையில் ஒரு சுற்று சுற்றி வந்தால், தரையில் விரித்த தார்ப்பாயின்மேல், ஓடாத கைக்கடிகாரங்களுக்கும் மின்விசிறி உறுப்புகளுக்கும் நடுவே ஏதாவது ஒரு வாக்மேன் கண்ணில் படும். பாடுமா என்று விற்பவரிடம் கேட்டால் "ரோசாக்" (மலாயில் 'பழுது') என்று ஒரே சொல்லில் பதில் வரும். அந்தச் சொல்லை நான் அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. பல ஆண்டுகளாக ஜெலுத்தோங்கில் என் வீட்டு மேசையில் நண்பர்கள் கொண்டுவந்து வைத்த இயந்திரங்களில் பெரும்பாலானவை அழுக்கேறிய ஹெட், தளர்ந்த பெல்ட், பச்சை பூத்த பேட்டரித் தகடு ஆகிய மூன்றில் ஏதோ ஒன்றினால்தான் நின்றுபோயிருந்தன.

பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் அறிமுகப்படுத்திய கேசட்டையும், சோனி 1979 ஜூலை 1-ஆம் நாள் ஜப்பானில் விற்பனைக்கு விட்ட வாக்மேனையும் இன்றும் விடாமல் வைத்திருப்பவர்களுக்கு இருக்கும் பெரிய சிக்கல், உதிரிபாகத்துக்குத் தயாரிப்பாளரை நாட முடியாது என்பதுதான். சோனியே 2010-இல் ஜப்பானில் கேசட் வாக்மேன் விற்பனைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. ஆகவே கையில் இருப்பதைக் கெடுக்காமல் பார்ப்பதே முதல் வேலை. கீழே உள்ள வரிசை அதற்காகவே அமைந்தது. ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத சோதனை முதலிலும், செலவு வைக்கும் வேலை கடைசியிலும் இருக்கும். வரிசையைத் தாண்டிப் போய் முதலிலேயே திருகாணியைத் திருப்புகிறவர்கள்தான் நல்ல இயந்திரங்களை வீணாக்குகிறார்கள்.

தொடங்கும் முன்

செறிவு மிக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பஞ்சுக் குச்சிகள், சிறு பிலிப்ஸ் திருப்புளிகள், ஒரு மல்டிமீட்டர், ஒரு கைவிளக்கு, ஆறு பட்டை பென்சில் ஒன்று ஆகியவை போதும். நகப்பூச்சு அழிப்பானை இந்த மேசைக்கு அருகிலேயே கொண்டுவர வேண்டாம், ஏனெனில் அதிலுள்ள அசிட்டோன் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும்.

மூடியைத் திறந்தவுடன் பளபளப்பாகத் தெரியும் சிறிய உலோகக் கட்டிதான் ஹெட். அதற்குப் பக்கத்தில் ஊசிபோல் நிற்கும் எஃகுத் தண்டு கேப்ஸ்டன். நாடாவை அந்தத் தண்டோடு சேர்த்து அழுத்தும் கறுப்பு ரப்பர் உருளை பிஞ்ச் ரோலர். இந்த மூன்றையும் அடையாளம் கண்டுகொண்டால் கீழே உள்ள பாதி வேலையைச் செய்துவிடலாம்.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. போனால் போகட்டும் என்று நினைக்கக்கூடிய ஒரு கேசட்டைச் சோதனைக்கென்றே ஒதுக்கி வையுங்கள். அது இரு பக்கமும் பழுதின்றி ஓடி முடியும்வரை, வீட்டில் ஒரே ஒரு பிரதியாக இருக்கும் குரல் பதிவை எந்த இயந்திரத்திலும் போடாதீர்கள்.

அறிகுறி: பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை

*மோட்டார் சத்தமே கேட்கவில்லை என்றால்*

முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். மறுமின்னேற்றப் பேட்டரி ஒன்றுக்கு 1.2 வோல்ட்தான் கிடைக்கும், சாதாரண அல்கலைன் பேட்டரிக்கு 1.5 வோல்ட். இரண்டு பேட்டரி போடும் இயந்திரத்தில் இந்த வேறுபாடு 0.6 வோல்ட் ஆகிவிடுவதால், சில பழைய வாக்மேன்கள் மறுமின்னேற்றப் பேட்டரியில் தடுமாறும். புதிய அல்கலைன் பேட்டரி போட்டுப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

அதற்கடுத்துப் பேட்டரி அறையின் தகடுகளையும் சுருள்களையும் கைவிளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் பொடியோ பச்சைப் படலமோ இருந்தால் கசிவு நடந்திருக்கிறது. அல்கலைன் பேட்டரியின் கசிவு காரத்தன்மை கொண்டது. பஞ்சுக் குச்சியில் சிறிது வினிகர் தொட்டுத் துடைத்தால் நுரைத்துக் கரையும். பிறகு ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, பேட்டரியைப் போட்டுப் பாருங்கள். கடற்காற்று வீசும் நம் தீவில் கசிவே இல்லாமலும் சுருள்கள் துருப்பிடிக்கும். அப்படியானால் மெல்லிய உப்புத்தாளால் மேல்துருவை மட்டும் எடுத்தால் போதும்.

தகடு சுத்தமாக இருந்தும் ஓடவில்லை என்றால், பிளே பொத்தானோடு சேர்ந்து இயங்கும் உள் சுவிட்சைச் சந்தேகிக்க வேண்டும். பல மாதிரிகளில் இது ஒன்றையொன்று தொடும் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள்தான். ஆல்கஹாலில் நனைத்த தடித்த காகிதத் துண்டை அவற்றுக்கு நடுவே வைத்து இழுத்தால் கறுப்பு கழன்று வரும். இதற்குப் பின்புற மூடியைக் கழற்ற வேண்டியிருக்கும். எந்தத் திருகாணி எந்தத் துளையிலிருந்து வந்தது என்று ஒரு தாளில் படம் வரைந்து, அந்தந்த இடத்திலேயே திருகாணியை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். நீளத் திருகாணியைக் குட்டைத் துளையில் போட்டு உள்ளே பலகையைத் துளைத்தவர்கள் பலர்.

சுவிட்சும் சரியாக இருந்து, மோட்டாரின் முனைகளில் மல்டிமீட்டர் மின்னழுத்தம் காட்டியும் மோட்டார் அசையாவிட்டால், அது வீட்டில் முடிகிற வேலை அல்ல. தொழில்நுட்பரிடம் கொடுங்கள்.

*மோட்டார் ஓடுகிறது, ஆனால் கேசட் சக்கரம் சுற்றவில்லை என்றால்*

மோட்டாரின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் ரப்பர் வளையமான பெல்ட்தான் காரணமாக இருக்கும். பின்மூடியைத் திறந்தால் அது தளர்ந்து கழன்று கிடப்பதையோ, கறுப்புத் தார்போல் உருகி ஒட்டிக்கொண்டிருப்பதையோ காண்பீர்கள். உருகிய ரப்பர் விரலில் பட்டால் எளிதில் போகாது, ஆகவே கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மரக் குச்சியால் திரட்டி எடுத்த பிறகு, சக்கரங்களின் பள்ளங்களை ஆல்கஹாலால் ஒரு சொட்டுக் கறுப்பும் இல்லாமல் துடைக்க வேண்டும், ஏனெனில் மிச்சமிருக்கும் பிசின் புதிய பெல்ட்டையும் கெடுக்கும்.

அளவு தெரியாவிட்டால், பெல்ட் போகும் பாதை முழுவதும் ஒரு நூலை இறுக்கமாகச் சுற்றி, அந்த நூலின் நீளத்தை அளந்து, அதில் ஏறக்குறைய 5 சதவிகிதம் குறைத்தால் கிடைப்பதே வாங்க வேண்டிய பெல்ட்டின் உள்சுற்றளவு. பழைய பெல்ட்டை வைத்து அளக்காதீர்கள், அது நீண்டுபோயிருக்கும். சதுரக் குறுக்குவெட்டுக் கொண்ட பெல்ட்டாகவே கேட்டு வாங்குங்கள். பொட்டலம் கட்டும் ரப்பர் வளையத்தைப் போட்டு ஓட்டுவது ஒரு நாளுக்கு ஓடும், ஆனால் பாட்டு அலைந்துகொண்டே இருக்கும். மாதிரிக்கென்று தனியாக வெட்டிய பெல்ட்டுகள் இணையத்தில் இன்றும் கிடைக்கின்றன. ஒரு வேளை நாசி கண்டார் சாப்பிடும் செலவுக்குள் இந்த வேலை முடிந்துவிடும்.

அறிகுறி: பாட்டு இழுக்கிறது அல்லது விரைகிறது

இந்த அறிகுறியைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத விரும்புகிறேன், ஏனெனில் தவறான கணிப்பினால் நல்ல இயந்திரத்தைக் கெடுத்துக்கொள்வது இங்கேதான் அதிகம் நடக்கிறது.

கேசட் நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். இந்த வேகம் 6 சதவிகிதம் குறைந்தால் சுருதி ஏறத்தாழ அரைக் கட்டை இறங்கும். இரண்டு கட்டையில் பாடிய பாட்டு ஒன்றரைக் கட்டையில் கேட்கும். சோதனை செய்யத் தனிக் கருவி வேண்டியதில்லை. நீளம் தெரிந்த ஒரு பாட்டைப் போட்டுக் கைப்பேசியின் நிறுத்துக்கடிகாரத்தால் அளவெடுங்கள். 4 நிமிடப் பாட்டு 4 நிமிடம் 15 விநாடி ஓடினால் இயந்திரம் 6 சதவிகிதம் மெதுவாக ஓடுகிறது. 4, 5 விநாடி வேறுபாடு கையடக்க இயந்திரத்தில் இயல்புதான், அதை விட்டுவிடுங்கள். ஒரே கேசட்டை நம்பி முடிவெடுக்கவும் கூடாது. அந்தக் காலத்துக் கேசட்டுகளில் சில, பிரதி எடுக்கும்போதே வேகம் மாறி வந்தவை. வெவ்வேறு நிறுவனங்கள் வெளியிட்ட மூன்று கேசட்டுகளையாவது சோதித்துப் பாருங்கள்.

*மூன்று கேசட்டுகளும் ஒரே அளவில் மெதுவாக ஓடினால்*

புதிய பேட்டரி, பிறகு பெல்ட், பிறகு கேப்ஸ்டனையும் பிஞ்ச் ரோலரையும் ஆல்கஹாலால் துடைப்பது என்ற வரிசையில் பாருங்கள். ரப்பர் உருளையைத் துடைக்கும்போது ஆல்கஹாலைக் கொஞ்சமாகத் தொட்டுக்கொண்டு உடனே உலர்ந்த பஞ்சால் ஒற்றி எடுங்கள். கேப்ஸ்டன் தண்டின் அடியில் எண்ணெய் வறண்டிருந்தாலும் வேகம் குறையும். தையல் இயந்திர எண்ணெயில் ஊசி முனையளவு ஒரு துளி போதும். அது தண்டின் மேற்பகுதிக்கோ உருளைக்கோ பரவினால் நாடா வழுக்கத் தொடங்கும்.

இவை அனைத்தும் முடிந்த பிறகுதான் வேகத் திருகைப் பற்றி நினைக்க வேண்டும். அது மோட்டாரின் பின்புறத்துச் சிறு துளைக்குள்ளோ, மின்பலகையின் மேலோ இருக்கும். திருப்புவதற்கு முன் அது நிற்கும் இடத்தைப் பேனாவால் குறித்துக்கொண்டு, மயிரிழை அளவாகத் திருப்புங்கள். புதிய பெல்ட் போட்டிருந்தால் இரண்டு மணி நேரம் ஓடவிட்ட பிறகே இதைச் செய்யுங்கள்.

*ஒரே ஒரு கேசட்டில் மட்டும் சுருதி மாறினால்*

இயந்திரத்தைத் தொடாதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வட்டாரத்து அம்மா ஒருவர் 60 நிமிடக் கேசட் ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்தார். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் கிளம்பும் முன், வீட்டு வாசலில் அவருடைய கணவர் காவடிச்சிந்து பாடியதை யாரோ ஒலிப்பதிவு செய்த நாடா அது. அவர் காலமாகிவிட்டார். போட்டுக் கேட்டபோது அந்த அம்மா சற்று நேரம் அமைதியாக இருந்துவிட்டு, "அவர் குரல் இவ்வளவு மெலிசா இருக்காது தம்பி" என்றார். என் இயந்திரத்தை அன்று காலையில்தான் மூன்று கேசட்டுகளில் சோதித்திருந்தேன், வேகம் சரியாகவே இருந்தது. நாடாவை முழுவதும் ஓட்டிக் கேட்டபோதுதான் காரணம் புலப்பட்டது. தொடக்கத்தில் குரல் ஓரளவு இயல்பாக இருந்தது, போகப் போகச் சுருதி ஏறிக்கொண்டே போனது. பதிவு செய்த இயந்திரத்தின் பேட்டரி பதிவின்போதே தீர்ந்துகொண்டிருந்திருக்கிறது. மெதுவாக ஓடிய நாடாவில் பதிந்த குரலைச் சரியான வேகத்தில் ஓட்டினால் அது உயர்ந்துதான் கேட்கும்.

அந்த ஒரு நாடாவுக்காக வேகத் திருகைத் திருப்பியிருந்தால் மற்ற எல்லாக் கேசட்டுகளும் கெட்டிருக்கும், அந்தப் பதிவின் வளைவும் நேராகியிருக்காது. செய்ய வேண்டியது வேறு: இருக்கிற வேகத்திலேயே கணினியில் பதிவு செய்துகொண்டு, ஒலி திருத்தும் மென்பொருளில் பகுதி பகுதியாக வேகத்தைக் குறைப்பது. பாட்டுக்குப் பின்னால் ஒரு சுருதிப்பெட்டி ஒலித்துக்கொண்டிருந்ததால் அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ள முடிந்தது. உங்கள் வீட்டு நாடாவிலும் கோயில் நாதஸ்வரத்தின் ஒத்து, வானொலி நேரக்குறி, ஹார்மோனியம் என்று சுருதி மாறாத ஏதாவது ஓர் ஒலி பின்னணியில் இருக்கிறதா என்று முதலில் காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

*சுருதி நிலையாக நிற்காமல் அலைந்தால்*

நீண்ட வீணை ஒலியிலோ புல்லாங்குழலிலோ இது உடனே தெரியும். தேய்ந்த பெல்ட், பளபளப்பாக இறுகிப்போன பிஞ்ச் ரோலர், உள்ளே இறுக்கமாகச் சுற்றிக்கொண்ட கேசட் ஆகியவற்றை இந்த வரிசையில் பாருங்கள். கேசட்தான் காரணமா என்று அறிய, அதை ஒருமுறை முன்னும் பின்னும் முழுவதும் சுற்றிவிட்டு மீண்டும் போட்டுக் கேளுங்கள். 120 நிமிடக் கேசட்டின் நாடா சுமார் 9 மைக்ரான் தடிமன்தான், 60 நிமிடக் கேசட்டின் நாடா அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. மெல்லிய நாடாவில் அலைவு வந்தால் இயந்திரத்தைக் குறை சொல்லக்கூடாது.

அலைவோடு சேர்ந்து சீரான இடைவெளியில் "டிக், டிக்" என்ற ஒலியும் வந்தால், அது சோனியின் டிடி (DD) வரிசையைச் சேர்ந்த வாக்மேனா என்று பெயர்ப்பலகையைப் பாருங்கள். அவ்வரிசையின் நடுப்பல்சக்கரம் வயதானதும் விரிசல் விடுவது ஆர்வலர்கள் நன்கறிந்த செய்தி. மாற்றுச் சக்கரம் கிடைக்கிறது, ஆனால் அதைப் பொருத்த உறுப்புகள் பலவற்றைக் கழற்ற வேண்டும். முதன்முறையாக வாக்மேனைத் திறப்பவருக்கு இது ஏற்ற வேலை அல்ல.

அறிகுறி: நாடாவைக் கடித்து இழுக்கிறது

உடனே நிறுத்தி, பேட்டரியைக் கழற்றுங்கள். கேசட்டை வெடுக்கென்று இழுக்காமல், மூடியைத் திறந்து, சிக்கிய வளையத்தைப் பல்குத்தும் குச்சியால் தண்டிலிருந்து மெல்ல விடுவியுங்கள். பென்சிலைத் துளையில் நுழைத்துத் தளர்வைச் சுற்றி எடுங்கள். கசங்கிய இடம் ஒலி மங்கிக் கேட்கும், அதை இஸ்திரி போட்டு நேராக்க முயல வேண்டாம்.

காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. பிஞ்ச் ரோலரில் பிசின் படிந்து நாடா அதில் ஒட்டிக்கொள்கிறது, அல்லது நாடாவைச் சுற்றிக்கொள்ள வேண்டிய சக்கரம் வலுவிழந்து, தண்டு தள்ளிவிடும் நாடா சேர இடமின்றி உள்ளே குவிகிறது. கேசட் இல்லாமல், மூடி திறந்த நிலையில் பிளே பொத்தானை அழுத்திச் சுற்றும் சக்கரத்தை விரல் நுனியால் மென்மையாகத் தொட்டுப் பாருங்கள். தொட்ட மாத்திரத்தில் நின்றுவிட்டால் அதை இயக்கும் பெல்ட்டோ உராய்வு வட்டோ தேய்ந்திருக்கிறது. உறுதியாகச் சுழன்றால் உருளையைச் சுத்தம் செய்யுங்கள். சுத்தம் செய்தும் உருளை கண்ணாடிபோல் மின்னினால், மிக மெல்லிய உப்புத்தாளால் ஒரே சீராக லேசாகத் தேய்த்துப் பார்க்கலாம். வெடிப்பு விட்டிருந்தால் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

*நாடா அறுந்துவிட்டால்* சாதாரண ஒட்டுநாடாவைப் பயன்படுத்தாதீர்கள், நம் வெப்பத்தில் அதன் பசை கசிந்து அடுத்த சுற்றுகளையும் ஒட்டிவிடும். நாடா ஒட்டுவதற்கென்றே விற்கும் ஒட்டியை, ஹெட்டைத் தொடாத உட்பக்கத்தில் மட்டும் ஒட்டுங்கள். இரு முனைகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துச் சாய்வாக ஒரே வெட்டாக வெட்டினால் இணைப்பு பிசகாமல் அமையும்.

அறிகுறி: ஒலி மங்கி, போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது

ஹெட்டைத் துடையுங்கள். பஞ்சில் பழுப்பு நிறம் வருவது நிற்கும்வரை புதுப் புதுக் குச்சியாக எடுத்துத் துடையுங்கள். எனக்குத் தெரிந்து இந்த அறிகுறிக்கு இதைவிடச் சிறந்த மருந்து கிடையாது.

துடைத்தும் மாறாவிட்டால் பொத்தான்களைப் பாருங்கள். நாடா இரைச்சலைக் குறைக்கும் டால்பி முறை இல்லாமல் பதிவான கேசட்டை டால்பி பொத்தானைப் போட்டுக் கேட்டால் மேல் ஒலிகள் அமுங்கிப்போகும். சாதாரண நாடாவைக் குரோம் அல்லது மெட்டல் நிலையில் வைத்துக் கேட்டாலும் அப்படியே.

*ஒரு கேசட் மட்டும் மங்கினால்* அதன் வாயிலில் ஹெட்டுக்கு எதிரே இருக்கும் சிறு அழுத்தப் பஞ்சு உதிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய கேசட்டுகளில் பஞ்சை ஒட்டிய பசை காய்ந்து அது உள்ளே விழுந்துகிடக்கும். உதவாத ஒரு கேசட்டிலிருந்து தகட்டோடு எடுத்து மாற்றிவிடலாம்.

*எல்லாக் கேசட்டும் மங்கினால்* மட்டுமே ஹெட்டின் சாய்வைத் திருத்தும் திருகாணியை நாட வேண்டும். ஹெட்டின் ஒரு பக்கத்தில், சுருளின்மேல் உட்கார்ந்திருப்பது அதுதான். இருக்கும் நிலையைக் குறித்துக்கொண்டு, நிறுவனம் வெளியிட்ட நல்ல கேசட்டை ஓடவிட்டு, ஜால்ராவின் ஒலி மிகக் கூர்மையாகக் கேட்கும் இடம்வரை இடமும் வலமுமாகக் கால் சுற்றுக்குள் திருப்புங்கள். தானே பக்கம் மாறும் வாக்மேன்களில் இரு திசைக்கும் தனித்தனித் திருத்தம் இருக்கலாம். ஒன்றைச் சரிசெய்யும்போது மற்றதையும் கேட்டுப் பாருங்கள். இதற்குப் பிறகும் ஒலி திறக்கவில்லை என்றால், பூதக்கண்ணாடி வைத்து ஹெட்டின் முகத்தைப் பாருங்கள். நாடாவின் அகலத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தால் ஹெட் தேய்ந்துவிட்டது, அதை மாற்றுவது தொழில்நுட்பர் வேலை.

அறிகுறி: ஒரு காதில் மட்டும் கேட்கிறது, அல்லது கரகரக்கிறது

இயர்போனை மாற்றிப் பாருங்கள். கைப்பேசிக்கென வந்த, மைக் உள்ள இயர்போனின் முள் நான்கு பிரிவாக இருக்கும். பழைய துளைகளில் அது சரியாக உட்காராமல் ஒலி பாதியாகவோ, பாடகர் குரல் மட்டும் காணாமலோ போகலாம். மூன்று பிரிவு முள் கொண்ட இயர்போனில் சரியாகக் கேட்டால் வாக்மேனில் கோளாறு இல்லை.

முள்ளை அசைக்கும்போது ஒலி வந்து வந்து போனால் துளையின் பின்புறத்தில் சோல்டர் (ஈயப்பற்று) விட்டிருக்கிறது. சோல்டர் பிடிக்கத் தெரிந்தவருக்குப் பத்து நிமிட வேலை. ஒலியளவுச் சக்கரத்தைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால், மின் தொடர்புகளைச் சுத்தம் செய்யும் தெளிப்பானை அதன் இடுக்கில் ஒரு துளி விட்டு, முப்பது முறை முழுச் சுற்றாகத் திருப்புங்கள்.

சுவர் மின்னேற்றியில் ஓட்டும்போது மட்டும் இரைச்சல் வந்தால், குறை மின்னேற்றியில்தான் இருக்கிறது. பேட்டரியில் ஓட்டிக் கேளுங்கள். வேறு மின்னேற்றியைச் செருகும் முன், வாக்மேனின் பக்கவாட்டில் உள்ள நேர், எதிர்க் குறியீட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். இது மாதிரிக்கு மாதிரி மாறும், மாற்றிச் செருகினால் மின்பலகை போய்விடும்.

ஒலி மெல்லத் தேய்ந்து, சிதைந்து, மீன் கவிச்சிபோன்ற வாடையும் உள்ளிருந்து வந்தால் மின்பலகையின் கெப்பாசிட்டர்கள் கசிந்திருக்கின்றன. 1980களின் கடைசியிலும் 1990களிலும் வந்த மெலிந்த வாக்மேன்களில் இது பரவலாகக் காணப்படுகிறது. கசிவு செப்புக் கோடுகளை அரித்துக்கொண்டே போகும் என்பதால் தள்ளிப்போடாமல் தொழில்நுட்பரிடம் கொடுங்கள்.

அறிகுறி: பாட்டு பின்னோக்கி, மங்கலாகக் கேட்கிறது

நாடா கேசட்டுக்குள் முறுக்கிக்கொண்டிருக்கிறது. அதன் முதுகுப் பக்கம் ஹெட்டை நோக்கி இருப்பதால் மறுபக்கத்துப் பாடல்கள் தலைகீழாகக் கேட்கின்றன. பென்சிலால் சுற்றிக்கொண்டே வந்தால் முறுக்கு வாயிலுக்கு வரும், அங்கே குச்சியால் திருப்பிவிடுங்கள். ஐந்து திருகாணி உள்ள கேசட்டானால் திறந்து திருத்துவது எளிது.

அறிகுறி: கேசட் கீச்சிடுகிறது, பாதியில் நின்றுவிடுகிறது

கேசட்டை உள்ளங்கையில் தட்டையாக நாலு தட்டு தட்டி, முன்னும் பின்னும் முழுவதும் சுற்றுங்கள். மேலும் கீழுமாக ஏறி இறங்கிய நாடாச் சுற்று சீராகிவிட்டால் கீச்சொலி நின்றுவிடும். நிற்காவிட்டால் நாடாவைப் புதிய கேசட் ஓட்டுக்கு மாற்றுங்கள். திருகாணி உள்ள வெற்றுக் கேசட் ஒன்றைத் திறந்து, அதன் வழுக்குத் தாள்கள் இரண்டையும் வைத்துக்கொண்டு, பழைய நாடாவை இரு சக்கரங்களோடும் அப்படியே இறக்கிவிட வேண்டும். இந்த வேலையின்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். வெயிலில் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே கிடந்த கேசட்டின் ஓடு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்திருந்தாலும் இதே கீச்சொலிதான் வரும், மருந்தும் இதேதான்.

அறிகுறி: கேசட்டின் சாளரத்தில் வெள்ளைப் படலம் தெரிகிறது

இது பூசணம். பினாங்கில் கேசட் வைத்திருப்பவர் எவரும் இதிலிருந்து தப்புவதில்லை. கண்ணாடிச் சாளரத்தின் வழியே பார்த்தால், சுற்றிய நாடாவின் பழுப்பு வட்டத்தின்மேல் மாவு தூவியதுபோல் புள்ளிகள் தெரியும், சில இடங்களில் சிலந்தி நூல்போல் விளிம்பிலிருந்து விளிம்புக்கு ஓடும். அந்தக் கேசட்டை எந்த இயந்திரத்திலும் போடாதீர்கள். பூசணம் ஹெட்டிலும் உருளையிலும் ஒட்டி அடுத்தடுத்த கேசட்டுகளுக்குப் பரவும். ஒட்டிக்கொண்ட சுற்று வேகமாக இழுபடும்போது நாடாவும் அறுந்துபோகும்.

முதலில் அதை மற்ற கேசட்டுகளிலிருந்து பிரித்து, காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு ஒரு வாரம் மூடி வையுங்கள். வெயிலில் காய வைப்பதும் முடி உலர்த்தியால் சூடேற்றுவதும் ஓட்டை வளைத்துவிடும். உலர்ந்தபின் பூசணம் பொடியாக உதிரும். வீட்டுக்கு வெளியே, முகக்கவசமும் கையுறையும் அணிந்து, கேசட்டைத் திறந்து ஓட்டைத் தனியாகக் கழுவி உலர்த்துங்கள். நாடாச் சுற்றின் இரு முகங்களையும் மென்மையான உலர்ந்த தூரிகையால் வருடி எடுங்கள். பிறகு மீண்டும் மூடி, நாடாவை மெத்தென்ற, நூல் உதிராத துணியின் நடுவே விட்டு, பென்சிலால் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை கையாலேயே சுற்றுங்கள். 60 நிமிடக் கேசட்டில் ஏறத்தாழ 90 மீட்டர் நாடா இருக்கிறது. ஒரு மாலைப்பொழுது முழுவதும் இதற்கே போகும், அவசரம் காட்டினால் நாடா நீளும். சுற்று ஒட்டிக்கொண்டு எதிர்ப்புத் தெரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். ஒரே பிரதியான பதிவு என்றால் ஒலிநாடா மீட்பில் பழகியவரிடம் ஒப்படைக்க வேண்டிய கட்டம் அதுதான்.

சுத்தம் செய்த நாடாவை ஒருமுறை ஓட்டி, அந்த ஓட்டத்திலேயே கணினியில் பதிவு செய்துவிடுங்கள். இரண்டாவது வாய்ப்புக் கிடைக்காமல் போகலாம். முடிந்ததும் ஹெட்டையும் உருளையையும் ஆல்கஹாலால் துடையுங்கள். கேமராக்காரர்கள் லென்ஸ் வைக்கும் மின்சார உலர்பெட்டியில் ஒரு தட்டைக் கேசட்டுகளுக்கு ஒதுக்க முடிந்தால் மீண்டும் பூசணம் பிடிக்காது. இயலாதவர்கள் காற்றுப்புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் வைத்துக்கொண்டு, ஜெல் நிறம் மாறும்போதெல்லாம் புதிதாக மாற்றினால் போதும்.

தொழில்நுட்பரிடம் கொடுக்கும்போது

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972-இல் தொடங்கப்பட்டதிலிருந்து மின்னணுத் தொழிற்சாலைகளில் கைத்தேர்ச்சி பெற்றவர்கள் இந்தத் தீவில் நிறைய இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற பிறகு வீட்டிலேயே சோல்டர் இரும்போடு உட்கார்ந்திருக்கும் ஐயா ஒருவர் உங்கள் அடுக்குமாடியிலேயே இருக்கலாம், விசாரித்துப் பாருங்கள். கெப்பாசிட்டர் மாற்றம், ஹெட் மாற்றம், மோட்டார் ஆகியவற்றை அவர்களிடம் கொடுப்பதில் தயக்கம் வேண்டாம்.

கொடுக்கும் முன் கேசட்டையும் பேட்டரியையும் வெளியே எடுத்துவிடுங்கள். எந்தக் கேசட்டில் என்ன கேட்டது, எத்தனை விநாடி கூடியது, எந்தத் திருகாணியைத் தொட்டீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி வாக்மேனோடு சேர்த்துக் கட்டுங்கள். திருகைத் திருப்பியிருந்தால் மறைக்காமல் எழுதுங்கள், அவருக்கு அரை நாள் தேடல் மிச்சமாகும். கழற்றிய பழைய உறுப்புகளைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தேய்ந்த பல்சக்கரம், அடுத்து அதே மாதிரி ஒன்று மேசைக்கு வரும்போது அளவெடுக்க உதவும்.